பி.எம்.எஸ். வேலை என்றால் ஏசி மெக்கானிக் வேலையா?

வணக்கம் அம்மா. மகன் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ முடித்துவிட்டு, பில்டிங் ஆட்டோமேஷன் கம்பெனியில் ஒரு வருட அப்ரென்டிஸாகச் சேரப் போகிறான், "கடைசியில் ஏசி மெக்கானிக்காத்தான் ஆகப் போறானா?" என்று கேட்டிருந்தீர்கள். ஏசி மெக்கானிக் வேலையிலும் கேவலம் ஒன்றுமில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் இவன் போவது வேறு வேலைக்கு: பெரிய கட்டடத்தின் ஏசி, ஃபேன், பம்ப் எல்லாவற்றையும் சென்சார் வைத்துக் கண்காணித்து இயக்கும் பி.எம்.எஸ். (பில்டிங் மேனேஜ்மென்ட் சிஸ்டம்) வேலைக்கு. அதில் அழுத்த வித்தியாசத்தை அளக்கும் சென்சார் ஒன்றை மட்டும் உதாரணமாகச் சொல்கிறேன்.

கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். ஒரு முனையில் வாய் வைத்து ஊதினால் மறுபக்கம் ஏறும். அந்த ஏற்ற இறக்கம்தான் அழுத்த வித்தியாசம். இதை அளக்கிற சென்சாரில் தண்ணீருக்குப் பதில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். இரண்டு பக்க அழுத்தமும் அதைத் தள்ளும், அது வளைகிற அளவு மின்சாரச் சிக்னலாகிக் கன்ட்ரோல் ரூமுக்குப் போகும்.

இது எங்கே தேவை? ஆபரேஷன் தியேட்டருக்குள் காற்றழுத்தம் வராந்தாவைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதுதான் வெளித்தூசி உள்ளே நுழையாது. காசநோயாளியின் தனி அறையில் நேர் எதிர். மருத்துவமனைக் காற்றோட்டத்துக்கான ஆஷ்ரே 170 என்ற அமெரிக்கத் தரநிலை கேட்பது குறைந்தது 2.5 பாஸ்கல் வித்தியாசம். அந்த டியூபில் தண்ணீர் கால் மில்லிமீட்டர் நகர்ந்தால் எவ்வளவோ, அவ்வளவுதான். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

தண்ணீர்ப் பக்கம் விளையாட்டே வேறு. நூறு மீட்டர் உயரக் கட்டடத்தின் அடித்தளத்தில் சில்டு வாட்டர் (ஏசிக்கான குளிர்ந்த தண்ணீர்) குழாய்க்குள் ஏறத்தாழ 10 பார் அழுத்தம் நிற்கும். சென்சார் அளக்க வேண்டியதோ பெரும்பாலும் ஒன்றிரண்டு பார் வித்தியாசம். சென்சாரின் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் சமன் வால்வைத் திறக்காமல் ஒரு பக்கத்தை மட்டும் திறந்துவிட்டால் மொத்த அழுத்தமும் சவ்வின் மேல் விழும், சென்சார் போச்சு. ஒழுங்காக வேலை செய்தால் அந்த அளவைப் பார்த்துதான் பம்ப் வேகம் கூடும், குறையும். வேகம் பாதியானால் மின்செலவு ஏட்டுக்கணக்கில் எட்டில் ஒன்றாகும். கரன்ட் பில் கட்டுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

என் பழைய மாணவர் ஒருவர் சொன்னது: ஓரிடத்தில் ஏர் ஃபில்டரின் இரண்டு பக்க அழுத்த வித்தியாசத்தை அளக்கும் சென்சார் மாதக்கணக்கில் பூஜ்யம் காட்டியது. ஃபில்டரில் அழுக்கு அடைத்தால் அந்த அளவு கூடும். ஃபில்டர் சுத்தமாக இருக்கிறது என்று திரை முன்னால் இருந்தவர்கள் நம்பிவிட்டார்கள். மாடியேறிப் பார்த்தால் இரண்டு டியூபும் கழன்று தொங்கிக்கொண்டிருந்தன! ஃபேன் ஓடும்போது எவ்வளவு சுத்தமான ஃபில்டரும் பூஜ்யம் காட்டாது. அது சைட்டில் கை அழுக்கானவருக்குத் தெரியும்.

அதனால் கம்பெனியில் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "என்னை கமிஷனிங்குக்கு அனுப்புவீர்களா, கன்ட்ரோல் ரூமில் மட்டும் உட்கார வைப்பீர்களா?" கமிஷனிங் என்றால் சைட்டிலேயே கருவிகளைச் சோதித்து ஓட வைக்கும் வேலை. இரண்டாவதுதான் பதில் என்றால் வேறு இடம் பார்க்கலாம். ஏசி அறை வேலை என்று உங்களுக்கு அது பிடிக்கலாம், எனக்குப் பிடிக்காது. சைட் வேலையில் மொட்டைமாடி வெயிலும் இரவு ஷிஃப்ட்டும் உண்டு, ஆரம்ப உதவித்தொகையும் கையைக் கடிக்கும். மறைக்கவில்லை. கூடவே, கருவிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் முறைகளான மோட்பஸ், பாக்நெட் இரண்டையும் பழகிக்கொள்ளட்டும்.

பி.இ. ஆசை இருந்தால் அப்புறம் லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அந்தக் கதவு அடைபடவில்லை. ஆஃபர் லெட்டர் வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு காப்பி அனுப்புங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.