நமக்கு வசந்தம் உண்டா?

வணக்கம் சார்,

நான் கடலூர் மஞ்சக்குப்பம். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தேன், இப்போது ஓய்வு. மகன் லண்டனில் இருக்கிறான். போன வருஷம் ஏப்ரல், மே இரண்டு மாதமும் அவனோடு இருந்துவிட்டு வந்தேன். அங்கே இருக்கும் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு நாலு தடவை கூட்டிக்கொண்டு போனான். மேக்னோலியா, செர்ரி, மரத்தடியெல்லாம் நீலமாகப் புளூபெல். இலையே இல்லாத மரத்தில் அவ்வளவு பூவை அங்கேதான் பார்த்தேன். ஜனங்கள் புல்லில் விரிப்பு போட்டு உட்கார்ந்து பூவைப் பார்ப்பதையே ஒரு வேலையாகச் செய்கிறார்கள்.

அந்த ஆசையில் இந்த மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வயிற்றுப் பேத்தியை அழைத்துக்கொண்டு புதுச்சேரி தாவரவியல் பூங்காவுக்குப் போனேன். பதினோரு மணி இருக்கும். வெயில் மண்டையைப் பிளந்தது. பூ என்று எனக்கு எதுவும் பிடிபடவில்லை. அரை மணி நேரத்தில் பேத்தி ஐஸ்கிரீம் கேட்க ஆரம்பித்துவிட்டாள். நமக்கு வசந்தம் என்று ஒன்று உண்மையிலேயே உண்டா, இல்லை அது சினிமாப் பாட்டுக்கு மட்டும்தானா? உண்டென்றால் எங்கே போய்ப் பார்ப்பது?

ஒரு வாசகி, கடலூர்

*

அன்புள்ள அம்மா,

கணக்கு டீச்சருக்குப் பதில் எழுதக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. விடையை மட்டும் போட்டால் மார்க் கிடைக்காது, வழியையும் காட்டியாக வேண்டும். அதனால் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வசந்தம் உண்டு. நீங்கள் போன மாதமும் சரிதான். போன நேரமும் பார்த்த இடமும்தான் தவறிவிட்டன.

மாதக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். நம் பழைய ஆறு பருவத்தில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். வசந்தம் என்று வடமொழியில் சொல்வதற்கு நம்மிடம் இருக்கும் சொல் இதுதான். அதாவது கத்திரி வெயில் நம் வசந்தத்துக்கு நட்டநடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது! கியூவில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பார்த்ததை இங்கே குடை பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் 'வசந்தம்' என்றதும் நம் மனசில் வருவது எங்கோ காலண்டரில் பார்த்த பனி உருகும் படம். அதை வைத்துக்கொண்டு நம் ஊரில் தேடினால் கிடைக்காதுதான்.

செர்ரி மரத்துக்குக் குளிர் வேண்டும். பல வாரம் நல்ல குளிரில் கிடந்தால்தான் அதன் மொட்டு உறக்கம் கலையும், அப்புறம் வெயில் ஏற ஏற ஒரே மூச்சில் பூத்துத் தள்ளும். நம் மரங்கள் காத்திருப்பது வறட்சிக்கு. மாசி, பங்குனியில் பல மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு நிற்கின்றனவே, அது தண்ணீரை மிச்சம் பிடிக்கிற வேலை. இலை மறைக்காதபோது பூத்தால் தேனீ, வண்டுக்கு அடையாளம் தெரிவதும் சுலபம். இலையில்லாத மரத்தில் பூ பார்க்க லண்டன் போகத் தேவையில்லை அம்மா, மாசியில் ஒரு கல்யாண முருங்கையைப் பாருங்கள், கொம்பில் முள்ளும் சிவப்பும் தவிர வேறொன்றும் இருக்காது.

ஜப்பானில் கியோட்டோ நகரத்து செர்ரி எந்த நாளில் முழுசாகப் பூத்தது என்பதற்கு 812ஆம் ஆண்டு தொடங்கிக் குறிப்புகள் கிடைக்கின்றன, இடையிடையே விடுபட்டாலும். அரண்மனை நாட்குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். அத்தனை நூற்றாண்டுக் கணக்கிலும் அதுவரை இல்லாத அளவுக்கு முன்கூட்டி, 2021ஆம் ஆண்டில் மார்ச் 26ஆம் தேதியே பூத்துவிட்டது, பூமி சூடாவதற்கு அதை ஒரு சாட்சியாகக் காட்டுகிறார்கள். நம்மிடம் அப்படித் தேதி போட்டு எழுதிய கணக்கு இல்லை. ஆனால் சங்கப் பாட்டில் ஒரு தோழி கொன்றை மரத்தையே 'மடமை' என்று ஏசுகிறாள். காலம் தப்பிப் பெய்த மழையைக் கார்காலம் என்று நம்பிப் பூத்துவிட்டதாம், இதைப் பார்த்துத் தலைவன் வரவேண்டிய பருவம் வந்துவிட்டதென்று நீ கலங்காதே என்கிறாள். ஜப்பான்காரர்கள் மரம் பூத்த நாளைக் குறித்துவைத்தார்கள், நாம் பூத்த மரத்தைத் திட்டியிருக்கிறோம். எப்படியோ இரண்டு பேரும் மரத்தைப் பார்த்திருக்கிறோம்.

சரி, தாவரவியல் பூங்காவுக்கு வருவோம். கியூ 1759இல் ஒரு இளவரசி தொடங்கிவைத்த தோட்டம். புதுச்சேரித் தோட்டத்தை 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் போட்டார்கள். அதை வளர்த்தெடுத்தவர் பெரோத்தே என்கிற தாவரவியலாளர், சுவிட்சர்லாந்தில் பிறந்தவர், 1870இல் புதுச்சேரியிலேயே காலமானார். இங்கே வருமுன் ஆப்பிரிக்காவின் செனகலில் சில வருஷம் செடி சேகரித்துத் திரிந்தவர். அதே செனகலுக்குத்தான் அந்தக் காலத்தில் நம் பக்கத்து நீலத்துணி கப்பல் ஏறியது. அந்த நீலத்துக்கு வேண்டிய அவுரியைப் பற்றியும் பெரோத்தே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அந்தக் காலத்துத் தாவரவியல் தோட்டங்களை யாரும் பூ பார்க்கப் போடவில்லை. எந்தச் செடி எந்த மண்ணில் பிழைக்கும், எது காசாகும் என்று சோதித்துப் பார்க்கிற பட்டறை அது. கியூவுக்கும் அந்தப் பங்கு பெரிய அளவில் இருந்தது. அதனால் இந்தத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் பாத்தி பாத்தியாகப் பூவைத் தேடினால் ஏமாற்றம்தான். இங்கே பார்க்க வேண்டியது மரம், பெரிய வயசான மரம், அதுவும் அண்ணாந்து.

அதற்கும் முன்னால் குனிந்து பாருங்கள் என்பேன். என் வழி இதுதான். கீழே என்ன விழுந்திருக்கிறது என்று முதலில் பார்ப்பேன், அப்புறம் நேர் மேலே பார்ப்பேன். சித்திரையில் காலை ஆறரைக்குள் ஒரு புங்கமரத்தடியில் நின்றால் யாரோ பொரி மூட்டையைக் கொட்டிவிட்டுப் போனதுபோல இருக்கும். ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், அவரைப்பூ சாயலில் வெள்ளையும் வெளிறிய ஊதாவுமாக இருக்கும், காம்புப் பக்கம் பழுப்பாக ஒரு கிண்ணி. எட்டு மணிக்குத் துடைப்பம் வந்துவிடும், ஒன்பது மணிக்கு அங்கே பூத்ததற்கான தடயமே இருக்காது. நீங்கள் பதினோரு மணிக்குப் போனீர்கள்! தோட்டத்துக்குத் திறந்ததும் முதல் ஆளாகப் போங்கள், இல்லாவிட்டால் நாலு மணிக்கு மேல் போங்கள். விடிகாலையைத் தெருமரங்களுக்கு ஒதுக்கிவையுங்கள்.

வேம்பை நம் வீட்டுப் பெண்கள் பார்க்கிற மாதிரி எந்தத் தோட்டக்காரரும் பார்ப்பதில்லை. என் அம்மா பங்குனிக் கடைசியில் ராத்திரியே ஒரு பழைய வேட்டியை மரத்தடியில் விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்துவிடுவார். காலையில் அதில் பூ, எறும்பு, சருகு எல்லாம் கலந்து கிடக்கும். முறத்தில் புடைத்து, நிழலில் காயவைத்து டப்பாவில் போட்டால் சித்திரை முதல் நாள் பச்சடிக்கும் வருஷம் முழுக்க ரசத்துக்கும் ஆகிவிடும். ஒரு பூ சுண்டுவிரல் நகம் அளவு இருக்குமா, அதில் அஞ்சு இதழ், நடுவில் ஒரு குழாய். தேன் வாசனை, வாயில் போட்டால் கசப்பு. ஜப்பான்காரர் விரிப்பு போட்டு மரத்தடியில் உட்காருகிறார்கள், நாம் விரிப்பு போட்டுப் பூவை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறோம்.

மஞ்சளில் எல்லோரும் குழம்புகிறார்கள், அதனால் ஒரு குறிப்பு. சரம் சரமாகக் கீழே தொங்கினால் சரக்கொன்றை. கொத்து நிமிர்ந்து வானத்தைப் பார்த்து நின்றால் அது பெருங்கொன்றை, அரவிந்தர் ஆசிரமத்தில் சமாதிக்கு மேல் நிழல் விரித்து நிற்பது இந்த மரம்தான், அன்னை அந்தப் பூவுக்கு வைத்த பெயர் 'சேவை'. சிவப்பு சுலபம், நாம் மே ஃப்ளவர் என்கிறோம், பிரெஞ்சில் தழல்விடும் மரம் என்ற பொருளில் 'ஃப்லாம்புவாயான்' என்பார்கள், அதன் சொந்த ஊர் மடகாஸ்கர். ரோஜா நிறத்தில் பவுடர் பூசும் பஞ்சுபோலக் கிடந்தால் தூங்குமூஞ்சி, தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. நாகலிங்கமும் அங்கிருந்து வந்ததுதான், ஆனால் அதைச் சிவன் கோயிலில் பார்த்துப் பழகிய நமக்கு அது அகத்தியர் காலத்து மரம். அதன் பூ கிளை நுனியில் வராது, அடிமரத்திலிருந்தே பிரம்புபோல நீளும் காம்பில் வரும், அதனால் பேத்தியின் உயரத்துக்கே பார்க்கக் கிடைக்கும். காலையில் போனால் இதழ் சதையோடு, மெழுகில் செய்ததுபோல இருக்கும்.

புதுச்சேரி பாரதி பூங்காவிலும் ஒரு சாயங்காலம் உட்காருங்கள். நடுவில் நிற்கிற ஆயி மண்டபத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆயி என்கிற தாசியின் மாளிகையைக் கோயில் என்று நினைத்து ராஜா கும்பிட்டுவிட, அவர் கோபத்துக்கு ஆளான அவள் அதைத் தானே இடித்துக் குளம் வெட்டினாளாம். அந்தத் தண்ணீர் பின்னால் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய வாய்க்கால் வழியாக ஊருக்குள் வந்ததற்கு நினைவாக எழுந்ததுதான் மண்டபம். பக்கத்துத் தெருக்களில் சுவரைத் தாண்டி வழியும் காகிதப்பூவுக்கு முன் நின்று படம் எடுக்கிறவர்கள் கூட்டத்தைப் பார்க்கலாம். அந்தச் செடிக்கே புகேன்வில் என்ற பிரெஞ்சு மாலுமியின் பெயர். வண்ணமாகத் தெரிவது பூவே இல்லை, இலை. உள்ளே இருக்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. தண்ணீரை நிறைய ஊற்றினால் இலையாக வளர்ந்து தள்ளும், காயவிட்டால்தான் நிறம் காட்டும். வறட்சியில் பூக்கிற நம் கணக்குக்கு அதுவும் நன்றாகப் பழகிவிட்டது.

இன்னொன்று, நீங்கள் கடலூர் மாவட்டத்தில் இருந்துகொண்டு செர்ரியைப் பார்த்து ஏங்குவதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். தை, மாசியில் பண்ருட்டியிலிருந்து விருத்தாசலம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்களா? செம்மண்ணில் முந்திரிக்காடு பூத்து நிற்கும். பூ சின்னது, தூரத்தில் கண்ணுக்கு எடுக்காது, விரியும்போது வெளிறி இருந்து பிறகு சிவந்துபோகும். ஆனால் வாசனை பஸ்ஸுக்குள் வரும், இனிப்பும் லேசான காரமும் சேர்ந்த ஒன்று. போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த மரம் நம் செம்மண்ணுக்கு இப்படி ஒரு வசந்தத்தைக் கொடுத்திருக்கிறது. பனி பெய்தால் பூ கருகிவிடுமே என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் அப்போது வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாரும் அங்கே விரிப்பு போட்டுப் பார்க்கப் போவதில்லை.

2011 டிசம்பர் 30ஆம் தேதி 'தானே' புயல் அடித்தபோது நீங்களும் இங்கேதான் இருந்திருப்பீர்கள். உங்கள் பக்கம் முந்திரியும் பலாவும் காடு காடாகச் சாய்ந்தன, எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு மரம். மறுநாள் காலை எங்கள் தெருவே திடீரென்று வெளிச்சமாகிவிட்டது, அந்த வெளிச்சத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அடுத்த சித்திரையில் எங்கள் முனையில் தப்பி நின்ற புங்கன், பாதிக் கிளை போன பிறகும் பூத்தது. அதுவரை அந்த மரத்தை நான் ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை. நான் பூ பார்க்கப் போக ஆரம்பித்ததே அதற்கப்புறம்தான், உங்களைவிட நான் ஒன்றும் உசத்தி இல்லை.

எங்கே போய்ப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்தால் திருப்பாப்புலியூர், பாடலீஸ்வரர் கோயில். ஊர்ப் பெயரை முழுசாகச் சொல்லிப் பாருங்கள், திருப்பாதிரிப்புலியூர். பாதிரி ஒரு மரம். அதற்கு வடமொழியில் பாடலம், சுவாமிக்கே அதனால்தான் பாடலீஸ்வரர் என்று பெயர். கல்லோடு கட்டிக் கடலில் போடப்பட்ட அப்பர் கரையேறிப் பாடிய தலம். தலவிருட்சமும் பாதிரிதான். சங்கப் பாட்டில் பாலைத் திணைக்குரிய பூ அது, 'வேனிற் பாதிரிக் கூன்மலர்' என்று வருகிறது. வேனிலில் பூப்பது, வளைந்த குழல்போல இருப்பது, வெளியே மெல்லிய மயிர், விளிம்பில் சுருக்கம், நல்ல வாசனை. வசந்தத்தில் பூக்கிற பூவின் பெயரை வைத்திருக்கிற ஊரில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு நீங்கள் என்னிடம் கேட்கிறீர்கள்!

கோயிலுக்கு அடிக்கடி போகிறவராகத்தான் இருப்பீர்கள். இந்தத் தடவை தரிசனம் முடிந்ததும் நேரே வாசலுக்கு வராமல் தலவிருட்சத்தடிக்குப் போய்த் தரையைப் பாருங்கள். பேத்தியையும் கூட்டிப் போங்கள், குழந்தைகளுக்குத் தரை பக்கம். நான் போனபோது ஒரே ஒரு பூதான் கிடந்தது, அதுவும் யாரோ மிதித்து நிறம் போயிருந்தது. நல்ல பூ விழுந்திருந்தால் எனக்கு ஒரு வரி போடுங்கள், அன்றைக்கே கடலூர் பஸ் ஏறிவிடுகிறேன்.