தினமும் பல் தீட்டினால் போதாதா? நூல் வேறு போட வேண்டுமா?

"காலையில் ஒழுங்காகப் பல் தீட்டுகிறேன். பல்லிடுக்கில் நூல் விடும் இந்தப் புளொஸ் எல்லாம் வெளிநாட்டுக்காரர் விளையாட்டுத்தானே? நம் அம்மம்மாமார் புளொஸ் போட்டா பல்லை வைத்திருந்தார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தேன். ஒரு கடைவாய்ப்பல்லின் நரம்பைப் பறிகொடுத்த பிறகுதான் வாய் அடங்கியது.

நான் மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் காலைப் பல் தீட்டல் ஒரு பெரிய சடங்கு. கிணற்றடியில் நின்று நுரை தள்ளத் தள்ளத் தேய்ப்போம். இரவில்? சோற்றைத் தின்றோமா, கையைக் கழுவினோமா, பாயை விரித்தோமா, அவ்வளவுதான். கோழி நாரோ மாம்பழ நாரோ பல்லிடுக்கில் மாட்டினால் ஈர்க்குக்கட்டில் ஒன்றை முறித்துக் குத்திக்கொள்வோம்.

ஒரு நாள் இரவு வெறுந்தேத்தண்ணி குடிக்கும்போது கீழ்க் கடைவாயில் சுள்ளென்று ஏறியது. காது வரைக்கும் வலி. கண்ணாடியில் பார்த்தால் பல் வெள்ளையாக, முழுசாக இருக்கிறது. விடியப்போய் ஆஸ்பத்திரியில் துண்டு எடுத்துக் காத்திருந்து படம் பிடித்தால், ஓட்டை மேலே இல்லை; இரண்டு பல்லும் முட்டிக்கொள்ளும் இடத்தில், பக்கவாட்டில் குடைந்து நரம்பைத் தொட்டிருக்கிறது. "தம்பி, இந்த இடத்துக்கு எந்தப் பிரஷ்ஷும் போகாது" என்றார் டொக்டர்.

விஷயம் இதுதான். பல்லில் சில மணி நேரத்திலேயே பிசுபிசுப்பாக ஒரு படலம் கட்டத் தொடங்கும். அதிலுள்ள கிருமிகள் நாம் தின்னும் சீனியைத் தின்று அமிலம் விடும். அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கி நக்கித் தேத்தண்ணி குடிக்கிறோமே, ஒவ்வொரு தடவையும் கிருமிக்கு ஒரு விருந்து. படலத்தை எடுக்காமல் விட்டால் எச்சிலிலுள்ள கல்சியம் படிந்து சில நாளிலேயே காரையாக இறுகிவிடும். பிறகு எந்தப் பிரஷ்ஷுக்கும் அசையாது, டொக்டர்தான் சுரண்ட வேண்டும். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைவதால் வாய் தன்னைத்தானே கழுவிக்கொள்வதும் குறைகிறது. ஆகவே ஒரு வேளைதான் முடியும் என்றால் நான் இரவைத்தான் தேர்ந்தெடுப்பேன். காலைச் சடங்கை விட அது முக்கியம்.

சரி, அம்மம்மா கதைக்கு வருவோம். என் அம்மம்மா உமிக்கரியும் உப்பும் போட்டு விரலால் தேய்த்தவ. கடைசி வரைக்கும் ஒரு பல்லிலும் ஓட்டை இல்லை, உண்மைதான். ஆனால் அறுபது வயதுக்குள் முன்பல் எல்லாம் ஆடி ஆடித் தானாகவே கழன்று விழுந்துவிட்டன. "பல்லு பழுதில்ல மனே, முரசுதான் விட்டுட்டு" என்பா. முரசு என்றால் ஈறு. இப்போது யோசித்தால், முரசு நோய் எப்படியிருக்கும் என்பதை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது. காரையும் கிருமியும் முரசுக்குக் கீழே இறங்கினால், அதனால் வரும் வீக்கம் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பைக் கரைத்துவிடும். பெரும்பாலும் வலியே தெரியாது. அவ வெற்றிலைத் தட்டத்தையும் விடவில்லை. வெற்றிலை பல்லுக்குப் பலம் என்று எங்கள் பக்கம் இன்னும் சொல்கிறார்கள். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்டிருக்கிறது. அது தனிக் கதை.

"புளொஸ்ஸால் பயனில்லை என்று அமெரிக்காவிலேயே சொல்லிவிட்டார்களே" என்று யாராவது கிளம்புவார்கள். 2016இல் அந்தச் செய்தி பரவியது உண்மை. அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டியிலிருந்து புளொஸ் போடச் சொல்லும் அறிவுரையை எடுத்திருந்தார்கள்; அதற்கான ஆய்வுகள் பலவீனம் என்று ஒரு செய்தி நிறுவனம் எழுதியது. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2019 மதிப்பாய்வும் நூலோ, பல்லிடுக்கில் விடும் இடைப்பிரஷ்ஷோ சேர்த்தால் முரசு வீக்கம் குறையலாம் என்று தயங்கித்தான் சொன்னது. ஓட்டை விழாமல் தடுக்குமா என்பதற்குப் போதிய ஆய்வு இல்லை. எனக்கு அந்தத் தயக்கம் பரவாயில்லை. நான் நம்பியது மூக்கை.

முதல் நாள் கடைவாயில் நூலை விட்டு இழுத்து முகர்ந்து பார்த்தேன். கருவாட்டுச் சட்டியைக் கழுவாமல் இரண்டு நாள் மூடி வைத்துத் திறந்தது போல ஒரு நாற்றம். இத்தனைக்கும் பல் தீட்டி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நூலில் ரத்தமும் இருந்தது. பயந்து நிறுத்திவிடாதீர்கள், பலர் நிறுத்துவது இங்கேதான். வீங்கிய முரசுதான் ரத்தம் விடும். எனக்குப் பத்து நாளில் நின்றது. இரண்டு வாரத்துக்கு மேலும் வந்தால் பல் டொக்டரிடம் போங்கள், சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவர்கள் கட்டாயம்.

நூல் ஒரு முழம் போதும். இரண்டு நடுவிரலிலும் சுற்றி, இடுக்கில் மெல்ல அறுப்பது போல இறக்கி, பல்லை அணைத்தபடி மேலும் கீழும் இழுக்க வேண்டும். படாரென்று அழுத்தினால் முரசு கிழியும். 50 மீட்டர் டப்பா ஒன்று நூறு நாளைத் தாண்டி வரும். கல்முனையில் பெரிய பாமசிகளில் கேட்டுப் பாருங்கள். பற்பசையில் புளோரைட் 1000 முதல் 1500 பிபிஎம் (ppm) வரை இருக்கட்டும். தீட்டிய பிறகு நுரையைத் துப்பினால் போதும், செம்பு செம்பாகத் தண்ணீர் கொப்பளித்தால் புளோரைட்டும் போய்விடும். இந்தப் பழக்கத்தை விடத்தான் எனக்கு அதிக நாள் எடுத்தது.

அம்மாவுக்கு நூல் சரிவரவில்லை. கை நடுங்குகிறது, பல்லிடைவெளியும் பெரிது. அதனால் குட்டி இடைப்பிரஷ் வாங்கிக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதென்ன மனே, ஈர்க்குக்கு மயிர் முளைச்ச மாதிரி இரிக்கி" என்றா. இப்போது அது அவவின் தலையணைக்குக் கீழே, கோடாலித் தைலப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.