லாரி தாமதத்துக்கு நாம் என்ன செய்ய முடியும்?

கேள்வி: மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். சீசனில் சனிக்கிழமைதோறும், அந்த வாரம் எப்படிப் போனது என்று குழுவாக உட்கார்ந்து பேசுகிறோம். கரண்ட் இல்லை, லாரி லேட், மழை என்ற புலம்பலோடு கூட்டம் முடிந்துவிடுகிறது. இதை எப்படி நடத்துவது?
- ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: சகோதரி, புலம்பலைத் தடுக்காதீர்கள். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்கு அதைச் சொல்ல வேறு இடம் ஏது? பத்து நிமிடம் கொட்டட்டும். ஒன்று விடாமல் போர்டில் எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொன்றையும் காட்டி, "இது நடக்கும்போது நாம என்ன செய்யறோம்?" என்று கேளுங்கள். ஓசூரில் உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் கூட்டம் நடத்தியபோதும் முதல் பேச்சு கரண்ட்தான். இந்தக் கேள்விக்குப் பிறகுதான் பேச்சு வேலைப் பக்கம் திரும்பும்.

லாரியையே எடுங்கள். சந்தூர், போச்சம்பள்ளி பக்கமிருந்து பெங்களூரா ரக மாம்பழ லோடு இரண்டும் தாமதமாகி, ராத்திரியில் ஒன்றாக வந்து நிற்கிறது. அசதியில், பழக் கிரேட்டுகளை (பெட்டிகளை) இடம் கிடைத்த பக்கம் அடுக்குகிறார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால் ஒரே அடுக்கில் கனிந்த பழமும் இருக்கும், காம்படியில் பச்சை மாறாத காயும் இருக்கும். அது கலந்து, கூழ் எடுக்கும் பல்ப்பர் இயந்திரத்துக்குப் போனால் கூழின் பிரிக்ஸ், அதாவது சர்க்கரை அளவு, 14-ஐத் தொடாது. லாரி வரும் நேரம் உங்கள் கையில் இல்லை. இறக்கும்போதே ஒவ்வொரு அடுக்கிலும் தேதியும் வண்டி எண்ணும் எழுதிய சீட்டைக் கட்டுவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

மென்பொருள் குழுக்கள் 'ரெட்ரோ' என்று நடத்துவதும் இதே கூட்டம்தான். மென்பொருளைச் சிறு சிறு கட்டமாகச் செய்யும் 'அஜைல்' முறைக்காக 2001-ல் 17 பேர் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையோடு வந்த 12 கொள்கைகளில் கடைசியானது, குழு அவ்வப்போது திரும்பிப் பார்த்துத் தன் நடைமுறையைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்கிறது.

பெல்ட்டில் பழம் பிரிக்கும் பெண்கள் கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் எந்த லோடு எப்படி வந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். முதலில் இரண்டிரண்டு பேராகப் பேசவிடுங்கள், பிறகு ஜோடியில் ஒருவர் சொல்லட்டும். "யார் சீட்டு கட்டாம விட்டது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒரு பெயர் வெளியே வந்ததும் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

வாரத்துக்கு ஒரே மாற்றம் போதும். பொறுப்பேற்பவர் பெயரையும் தொடங்கும் நாளையும் போர்டிலேயே எழுதுங்கள். அடுத்த சனிக்கிழமை முதல் பேச்சு அதுதான்: நடந்ததா, எது தடுத்தது?

கரண்ட் விஷயத்தைத் தனியாக எழுதி வையுங்கள். எத்தனை மணி நேரம் லைன் நின்றது, எத்தனை கிரேட் வீணானது என்ற கணக்கோடு மேனேஜரிடம் கொண்டுபோங்கள். அவர் "முடியாது" என்றாலும் அந்தப் பதிலை மறைக்காமல் குழுவிடம் வந்து சொல்லுங்கள்.