பண்ணையிலிருந்து வாரம் ஒரு பெட்டி காய்கறி வாங்குகிறோம், பாதி வீணாகிறது. முழுதாகப் பயன்படுத்த என்ன வழி?

பெட்டி வந்த அன்றைக்கே அரைமணி நேரம் அதனோடு உட்கார முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அந்த அரைமணி நேரம் வாய்க்காத வீட்டில் எந்தக் குறிப்பும் வேலைக்கு ஆகாது.

நாங்கள் கோயமுத்தூரில் இருக்கிறோம். தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து சனிக்கிழமை காலையில் பெட்டி வரும். பணம் முன்னாலேயே கட்டிவிடுவோம். என்ன வருகிறது என்று கேட்டுக்கொள்ளலாம், இதுதான் வேண்டும் என்று சொல்ல முடியாது. கடைக்குப் போகும்போது மனதில் சாம்பார் இருக்கும், அதற்குத் தோதாகக் காய் வாங்குவோம். இங்கே காய் முதலில் வந்து நிற்கும், குழம்பை அப்புறம்தான் யோசிக்க வேண்டும். ஞாயிறு இது, திங்கள் அது என்று முன்கூட்டியே பட்டியல் போடுவதை அதனால் விட்டுவிட்டேன். எது முதலில் வாடுமோ அது முதலில் அடுப்பேறும், அவ்வளவுதான் பட்டியல்.

முதலில் கையில் எடுக்க வேண்டியது கீரை. கழுவிவிட்டு ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், அழுகிவிடும். வேரைக் கிள்ளி, பழுத்த இலையைப் பொறுக்கிவிட்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்தால் இரண்டு நாள் தாங்கும். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். முள்ளங்கி, பீட்ரூட், கேரட் தழையோடு வந்தால் உடனே தழையை வெட்டிவிடுங்கள். விட்டுவைத்தால் கிழங்கிலிருக்கும் ஈரத்தைத் தழை இழுத்துக்கொள்ளும், மூன்றாம் நாள் முள்ளங்கி நெட்டியாகிவிடும். வெட்டிய முள்ளங்கித் தழையைப் பாசிப்பருப்போடு வேகவைத்துக் கடைந்தால் அன்றைய ராத்திரிக்கு ஆயிற்று.

எல்லாவற்றையும் ஃபிரிட்ஜுக்குள் திணிப்பதாலும் காய் கெடுகிறது. தக்காளி பழுக்கும்வரை வெளியே இருக்கட்டும். 12 டிகிரிக்குக் கீழே போனால் அதன் வாசமே போய்விடும். கத்தரிக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் ரொம்பக் குளிர் ஆகாது. துடைத்து, காகிதத்தில் சுற்றி, காய்கறித் தட்டில் வைத்து, இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். சின்ன வெங்காயம் காற்றாடக் கூடையில் கிடக்கட்டும். பெட்டியில் வாழைப்பழம் வந்தால் கீரைக்கும் காய்க்கும் பக்கத்தில் வைக்க வேண்டாம். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு கீரையை மஞ்சளாக்கிவிடும், கேரட்டைக் கசக்க வைக்கும்.

அரசாணிக்காய் (மஞ்சள் பூசணி), சேனை, சாம்பல் பூசணி மூன்றும் அவசரப்படாதவை. காம்போடு இருக்கும் முழு அரசாணிக்காய் காற்றோட்டமான மூலையில் மாதக்கணக்கில் கிடக்கும், ஆனால் கத்தி பட்டுவிட்டால் அதன் கணக்கு நாள் கணக்குதான். அறுத்ததுமே நடுவிலிருக்கும் நாரையும் விதையையும் வழித்து எடுத்துவிடுங்கள், அழுகல் அங்கேதான் தொடங்கும். எங்கள் மாடியில் யார் வீட்டில் அரசாணிக்காய் அறுத்தாலும் மற்ற வீடுகளுக்கு ஒரு துண்டு போய்விடும். விதையைக் காயவைத்து வறுத்தால் பிள்ளைகள் தின்றுவிடுவார்கள்.

பெட்டி வாங்குகிறவர்களுக்குச் சலிப்பு வருவது ஒரே காய் திரும்பத் திரும்ப வருவதால்தான். நானும் தோட்டத்துக்காரரிடம் சலித்துக்கொண்டதுண்டு. "பந்தல்ல இப்பத்தானுங்க பீர்க்கன் காய்ப்புக்கு வந்திருக்குது, இன்னும் கொஞ்ச வாரத்துக்கு அதுதானுங்க வரும்" என்றார் சிரித்துக்கொண்டே. நியாயம்தான். முன்பணம் கட்டித் தோட்டத்தின் விளைச்சலில் பங்கு வாங்கும் இந்த ஏற்பாடு ஜப்பானில் 1970களில் 'தெய்கெய்' என்ற பெயரில் வேர்பிடித்தது, அமெரிக்காவில் 1986இல் தொடங்கியது. விளைந்தால் பெட்டி நிறையும், ஆடிக்காற்றில் பந்தல் சாய்ந்தால் பெட்டி இளைக்கும், இரண்டிலும் நமக்குப் பங்கு உண்டு. அடுத்த வாரம் என்ன வரும் என்று அவரிடமே கேட்டுவிடுவது நல்லது. பீர்க்கன் வரப்போகிறது என்று தெரிந்தால் நடுவாரத்தில் கடையில் வேறு நீர்க்காய் வாங்க மாட்டோம் இல்லையா?

பீர்க்கங்காயையே எடுத்துக்கொள்ளுங்கள். சதையைப் பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைக்கலாம். நரம்பைச் சீவி எறிந்துவிட்டு, தோலை நல்லெண்ணெயில் சுருள வதக்கி, வறுத்த உளுந்து, வரமிளகாய், புளி, கொஞ்சம் தேங்காய் சேர்த்துக் கரகரப்பாக அரைத்தால் துவையல். என்னைக் கேட்டால் கூட்டைவிடத் துவையல்தான் மேல்.

நம் பக்கத்துச் சமையலில் பெட்டிக்கு மிகவும் கைகொடுப்பது கடைசல். அளவு முன்னே பின்னே இருந்தாலும் கோபித்துக்கொள்ளாத சமையல் அது. கட்டுக் கட்டாகப் புளிச்சகீரை வந்து இறங்குகிற வாரத்தில் நான் செய்வது இது. சட்டியில் கடலெண்ணெய் விட்டு, மல்லிவிதை, வரமிளகாய், பூண்டு, உரித்த சின்ன வெங்காயம் போட்டு வதக்கி, கீரையைச் சேர்ப்பேன். சட்டி நிறைய இருந்தது கண்ணெதிரே ஒரு கைப்பிடியாகச் சுருங்கும், பச்சை மங்கிப் பழுப்பாகும். உப்பும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு வேகவிட்டு, மிஞ்சிய நீரை இறுத்து வைத்துக்கொண்டு, மத்தால் கடைய வேண்டும். மிக்ஸியில் போட்டால் விழுதாகிவிடும், திப்பி திப்பியாக இருந்தால்தான் ருசி. இறுத்த நீரை வேண்டிய அளவு திரும்ப ஊற்றி, கடுகு தாளித்தால் ராகிக் களிக்கும் ஆகும், சோற்றுக்கும் ஆகும். புளிப்பு இருப்பதால் ஃபிரிட்ஜில் மூன்று நாளுக்குக் கவலையில்லை. கத்தரிக்காயும் தக்காளியும் சேர்த்துக் கடைந்தால் இட்லிக்குத் தொட்டுக்கொள்ள ஆயிற்று.

தக்காளி மலிந்த வாரத்தில் தொக்கு. உடுமலை, கிணத்துக்கடவு பக்கம் விலை இல்லாமல் தக்காளியைக் கொட்டிவிட்டுப் போகிற காலங்களில் பெட்டியிலும் அதுதான் மேலே இருக்கும். எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை அடுப்பை விட்டு நகராதீர்கள். பொறுமை போய் முன்னாலேயே இறக்கினால் பூஞ்சை பிடிக்கும்.

மிஞ்சுகிற கொத்தவரைக்கு வத்தல். ஆனால் மாசியிலிருந்து சித்திரைவரை வெயில் நின்று காயும் நாட்களில் மட்டும். முனை கிள்ளி, உப்புத் தண்ணீரில் அரைவேக்காடாக எடுத்து, புளித்த மோரில் ஊறவைத்துக் காயப்போட வேண்டும். சாயங்காலம் மறுபடி அதே மோர், காலையில் மறுபடி வெயில், மோர் வற்றும்வரை. ஒடித்தால் படக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். ஐப்பசி கார்த்திகையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி தட்டில் நாலு வெண்டை, அரைக் கேரட், ஒரு முருங்கைக்காய் என்று கிடக்கும். எல்லாம் சேர்ந்து ஒரு கதம்ப சாம்பார். அரிசிம்பருப்புச் சாதத்திலும் போட்டிருக்கிறேன். மாமியார், "அரிசிம்பருப்புல எதுக்கு அம்மணி கேரட்டு?" என்று முகம் சுளித்தார். அதில் சின்ன வெங்காயமும் பூண்டும் தக்காளியும் போதும் என்பது அவர் கட்சி. சாப்பிட்டுப் பார்த்தால் அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது, ஆனாலும் கேரட் தீர வேண்டுமே.

காசு மிச்சமாகும் என்று நினைத்து யாரும் பெட்டிக்குப் பணம் கட்ட வேண்டாம். விடிகாலையில் எழுந்து ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர் உழவர் சந்தைக்குப் போக முடிந்தவர்களுக்கு அங்கேயே விவசாயி கையிலிருந்து புதுக்காய் கிடைக்கும், பிடித்ததைப் பொறுக்கியும் எடுக்கலாம். வீட்டில் இரண்டே பேர், அதிலும் சனி ஞாயிறானால் ஊருக்குப் போய்விடுகிறவர்கள் என்றால், முழுப்பெட்டி உங்களுக்கு அதிகம். பக்கத்து வீட்டோடு பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், அல்லது வாரம் விட்டு வாரம் அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பறிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டால் தோட்டத்துக்காரருக்கும் தோதாக இருக்கும். பெட்டி வந்து இறங்கிய பிறகு வேண்டாம் என்றால்தான் அவருக்குச் சங்கடம்.