ஒரு நாள் வேலைக்கு என்ன கூலி கொடுப்பது? – கேள்வி பதில்

மாதச் சம்பளத்துக்கு ஆள் வைப்பதைவிட, ஒரு நாள், அரை நாள் என்று கூப்பிடும் வேலைகளில்தான் தகராறு அதிகம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். கீழே வரும் கூலித் தொகைகள் கணக்கு காட்டுவதற்காக மட்டும். உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (அண்ணா நகர், சென்னை): அக்கா, வாடகைக்கு இருந்தவங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு பெட்ரூம் வீடு. முழுசா கழுவித் துடைக்க ஒரு அம்மா 1,500 கேட்கறாங்க. எங்க வீட்டுல தினமும் ஒரு மணி நேரம் வேலை செய்யறவங்களுக்கு மாசம் 3,000. அப்படின்னா மணிக்கு 100. இது அஞ்சு மணி நேர வேலை, 500 தானே நியாயம்?

பதில்: இரண்டு இடத்தில் கணக்கு தப்புகிறது. முதலில் நேரம். காலி வீட்டை இப்படிப் பிரித்துப் பாருங்கள். பாத்ரூம் இரண்டு: உப்புக்கறைக்கு மருந்து ஊற்றி இருபது நிமிடம் ஊறவிட்டுத் தேய்க்க, ஒன்றுக்கு ஒரு மணி நேரம். சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய டைல்ஸ், ஷெல்ஃப், சிங்க், எக்ஸாஸ்ட் ஃபேன்: இரண்டு மணி நேரம். ஒட்டடை அடித்து ஆறு ஃபேன் துடைக்க ஒரு மணி. ஜன்னல் கம்பியும் கண்ணாடியும், ஜன்னலுக்குக் கால் மணி வீதம் ஆறு ஜன்னலுக்கு ஒன்றரை மணி. தரை ஒருமுறை கழுவி ஒருமுறை துடைக்க ஒன்றரை. மொத்தம் எட்டு மணி நேரம். உங்கள் கணக்கிலேயே 800 வந்துவிட்டது.

இரண்டாவது, மாதச் சம்பளத்தை மணிக்கணக்காக வகுத்து ஒரு நாள் வேலைக்குப் போடக் கூடாது. மாத வேலையில் அவருக்கு முப்பது நாளும் வருமானம் உறுதி. பக்கத்திலேயே இன்னும் மூன்று வீடு இருக்கும். வீடும் ஏற்கெனவே சுத்தமாக இருக்கும். உங்கள் காலி வீட்டுக்கு வருவதற்காக அந்த மூன்று வீட்டிலும் அன்றைக்கு லீவு சொல்ல வேண்டும், அல்லது தன் காசில் மாற்று ஆள் அனுப்ப வேண்டும். அழுக்கோ பல மாதத்து அழுக்கு.

சரியான அளவுகோல் வேண்டுமென்றால், உங்கள் தெருவில் கட்டிட வேலை நடக்கும் இடத்தில் சித்தாளுக்கு நாள் கூலி என்னவென்று விசாரியுங்கள். ஆண் சித்தாள் கூலியைக் கேளுங்கள். பெண் என்றால் நூறு, இருநூறு குறைத்துத் தருகிற வழக்கம் ஊரெங்கும் உண்டு. சம ஊதியச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது என்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. அந்தக் கூலி 800 என்று வைத்துக்கொள்வோம். விட்டுவந்த வீடுகளுக்காக 200, பஸ் செலவும் சாப்பாடும் 100 முதல் 150. பினாயில், ஆசிட், பிரஷ், துடைப்பம் எல்லாம் நீங்கள் கொடுத்தால் 1,100 - 1,150 நியாயம். அவரே கொண்டுவந்தால் 1,500-ல் தப்பில்லை. 500 சொன்னீர்கள் என்றால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரமாட்டார், அவ்வளவுதான்.

கேள்வி (திருச்சி): தோட்ட வேலைக்கு வந்தவர் காலை எட்டு மணிக்கு ஆரம்பிச்சு பன்னண்டரைக்கு முடிச்சுட்டார். முழு நாள் கூலி கேட்டார். அரை நாள்தானே?

பதில்: கூப்பிடும்போது என்ன சொன்னீர்கள் என்பதைப் பொறுத்தது. “நாளைக்கு ஒரு நாள் வேலை இருக்கு, வாங்க” என்றிருந்தால் அவருடைய நாளை நீங்கள் வாங்கிவிட்டீர்கள். வேலை சீக்கிரம் முடிந்தது அவருடைய கைவேகம். அதற்காகக் கூலியைக் குறைத்தால் அடுத்த தடவை மாலை ஐந்து மணி வரை இழுப்பார். “புல்லை வெட்டிச் செடிக்கு மண் அணைக்கணும், அரை நாள் வேலை” என்றிருந்தால் அரை நாள்.

பொது வழக்கு, மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்தால் அரை, சாப்பிட்டுவிட்டு மறுபடி கையை வைத்தால் முழு நாள். ஆனால் அரை நாள் கூலி பாதிக் கூலி ஆகாது. மதியத்துக்கு மேல் யாரும் அவரைப் புதிதாக வேலைக்குக் கூப்பிடப் போவதில்லை. முழுக் கூலி 900 என்றால் அரை நாளுக்கு 550 - 600 கொடுங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி பக்கம்): மேடம், மரத்துக்கு இவ்வளவுன்னு பேசித்தான் தேங்காய் போடச் சொன்னேன். அஞ்சு மரம். இறங்கினப்புறம் மட்டை கழிச்சதுக்குத் தனியா கேட்கிறார். காய் வேற எடுத்துக்கிட்டார்.

பதில்: சார், மரத்துக்கு இவ்வளவு என்பது ஏறி, முற்றின குலையை வெட்டிப் போட்டு இறங்குவதற்கு மட்டும். காய்ந்த மட்டை, பன்னாடை, காய்ந்த பாளை எல்லாம் கழித்துக் குருத்தைச் சுத்தம் பண்ணினால் மரத்தின் மேல் நிற்கிற நேரம் இரண்டு பங்கு ஆகும். கீழே விழுந்ததைப் பொறுக்கி ஓரமாக அடுக்குவது மூன்றாவது வேலை. மூன்றுக்கும் சேர்த்தா தனித்தனியா என்று ஏறுவதற்கு முன் கேட்டுவிட வேண்டும். மரத்துக்கு ஒரு காய் எடுத்துக்கொள்வது பல ஊரில் வழக்கம்தான். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அதையும் முன்பே சொல்லிக் காசாகக் கொடுத்துவிடுங்கள்.

ஒன்றிரண்டு மரத்துக்காகக் கூப்பிட்டால் ஐந்து மரத்துக் கூலி கேட்பார்கள். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, வந்துபோகிற செலவு ஒன்றுதான். பக்கத்து வீட்டு மரங்களையும் சேர்த்து ஒரே நாளில் வரச் சொன்னால் இரண்டு பேருக்கும் குறையும். 45 நாளுக்கு ஒருமுறை என்று தேதி வைத்துக்கொண்டால் இன்னும் சௌகரியம்.

மழையில் நனைந்த மரம், கரண்டு கம்பிக்குப் பக்கத்து மரம் இரண்டுக்கும் அவர் மாட்டேன் என்றால் பேரத்தை அங்கேயே நிறுத்துங்கள். கூட நூறு கொடுத்து ஏற்றுகிற காரியமே அது இல்லை. தென்னை வளர்ச்சி வாரியத்தின் ‘கேர சுரக்ஷா’ என்ற விபத்துக் காப்பீடு மரம் ஏறுகிறவர்களுக்கென்றே இருக்கிறது. வழக்கமாக வருகிறவர் என்றால் அவரை அதில் சேர்த்துவிட உதவுங்கள்.

கேள்வி (மதுரை): 600 ரூபாய்னு ஒத்துக்கிட்டு வந்தாங்க. போகும்போது 800 கேட்டு வாசல்லயே சத்தம். குடுத்துத் தொலைச்சேன். இதை எப்படித் தவிர்க்கிறது?

பதில்: அன்றைக்கு நடந்ததைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். “இந்தப் பரணையும் ஒரு கை பாத்துடும்மா.” “அந்த ரெண்டு ஜமக்காளத்தையும் நனைச்சு வச்சிருக்கேன்.” “மொட்டை மாடியில குப்பைதான், பெருக்கிவிட்டா போதும்.” இப்படி மூன்று நடந்திருந்தால் ஒன்றரை மணி நேரம் கூடியிருக்கும். அவரும் அப்போதே ‘இதுக்கு ஐம்பது கூட ஆகும்’ என்று சொல்லாமல் மனசுக்குள் கணக்கு வைத்துக்கொண்டே செய்திருப்பார். கடைசியில் வாசலில் அந்தக் கணக்கு மொத்தமாக வெளியே வரும். எதிரே நிற்கிற உங்களுக்கு அது அடாவடியாகத் தெரியும்.

வேலை கூடுகிற அந்த நிமிடத்திலேயே விலையும் கூட வேண்டும். “பரணையும் சேர்த்துப் பண்ணினா எவ்வளவு சேர்த்துத் தரட்டும்?” என்று கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் அந்த வேலையைச் சேர்க்காதீர்கள்.

எதுவுமே கூட்டவில்லை, பேசின வேலைதான், ஆனாலும் 800 என்றால் பேசின 600-ஐக் கொடுங்கள். குரல் உயர்த்த வேண்டாம். “எதுக்கு இருநூறு கூடுச்சுன்னு சொல்லுங்க, இருந்தா தர்றேன்” என்று கேளுங்கள். தண்ணீர் வராமல் கீழிருந்து குடம் குடமாகத் தூக்கினேன் என்பார் சிலர். அது நிஜமான காரணம், கொடுத்துவிட வேண்டியதுதான். காரணம் வராவிட்டால் 600 போதும், அடுத்த முறை வேறு ஆள்.

கேள்வி (கோவை): அக்கா, எங்க அம்மா விசேஷ வீடுகள்ல பாத்திரம் தேய்க்க, இடத்தைக் கூட்டிக் கழுவப் போவாங்க. எவ்வளவு வேணும்னு கேட்டா “பாத்துக் குடுங்க”ன்னு சொல்லிடுவாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு 400 ரூபாயைக் கையில வச்சு அனுப்பறாங்க. எப்படிக் கேட்கச் சொல்றது?

பதில்: உங்களுடைய கேள்விதான் இதில் முக்கியமானது. “பாத்துக் குடுங்க” என்று சொன்ன பிறகு எவ்வளவு கொடுத்தாலும் தகராறு பண்ண வழியில்லை. அந்த வீட்டுக்காரருக்கு 400 நிறைய என்று உண்மையாகவே தோன்றியிருக்கும்; காலையில் அவர் பார்த்தது சமையல்காரர் பில்லும் பந்தல்காரர் பில்லும்தான், பாத்திரக் குவியலை அல்ல.

அம்மா நாலு விஷயம் கேட்டுவிட்டு ஒரு தொகை சொல்லட்டும். எத்தனை இலை? எத்தனை பந்தி? அண்டா, குண்டான் போன்ற பெரிய பாத்திரம் எத்தனை? தண்ணீர் பக்கத்திலேயே குழாயில் வருமா, தூக்க வேண்டுமா? நூறு இலைக்குள் ஒருவர் சமாளிக்கலாம். இருநூறு இலை, இரண்டு வேளை என்றால் இரண்டு பேர் வேண்டும். ஒருவருக்கான காசில் இருவர் வேலையை ஒத்துக்கொள்ளக் கூடாது. அடிப்பிடித்த அண்டா தேய்ப்பதற்குத் தனிக் காசு கேட்பது தப்பே இல்லை.

சொல்கிற விதம் இப்படி இருக்கலாம்: “காலையில ஏழு மணிக்கு வந்துட்டு நாலு மணிக்குக் கிளம்பிடுவேங்க. 900 ரூபாய். நாலு மணிக்கு மேல நின்னா மணிக்கு 120. ராத்திரி ஒன்பது தாண்டினா ஆட்டோவுக்கு நீங்க குடுத்துருங்க.” சிரித்த முகத்தோடு சொல்லலாம், ஆனால் தொகையைச் சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திவிட வேண்டும். “இல்லாட்டி நீங்க என்ன குடுத்தாலும் சரிதாங்க” என்று வாலைச் சேர்த்தால் முழுக்க வீண். புது வீடு என்றால் இருநூறு அட்வான்ஸ் வாங்கிக்கொள்ளட்டும்.

கேள்வி (தாம்பரம்): தண்ணீர் டேங்க், சம்ப், செப்டிக் டேங்க் மூணையும் ஒரே ஆளை வச்சு முடிச்சா சல்லிசா வருமா?

பதில்: முதல் இரண்டைச் சேர்க்கலாம். மூன்றாவதைச் சேர்க்கவே கூடாது.

மாடியில் 1,000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் ஒருவருக்கு ஒரு மணி நேர வேலை. தரைக்கடியில் 8,000 லிட்டர் சம்ப் என்றால் இரண்டு பேர், இரண்டு மூன்று மணி நேரம். முந்தைய நாளே லாரி தண்ணீர் வாங்காமல் செலவழித்து ஒரு சாண் தண்ணீர் மட்டும் வைத்திருந்தால் விலை இறங்கும். நிறைய தண்ணீரோடு வைத்துக்கொண்டு வாளியால் இறைக்கச் சொன்னால் ஏறும். இரண்டாவது ஆள் எதற்கு என்று பேரம் பேசாதீர்கள். அவர் மேலே நிற்பதற்குத்தான் காசு. மூடியைச் சில மணி நேரம் முன்பே திறந்துவைத்து, குழந்தைகள் பக்கத்தில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆள் இறங்கும்போது மோட்டார் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, மெயினையே அணைக்க வேண்டும். டீசல், பெட்ரோல் பம்பை சம்புக்குள் இறக்கவே கூடாது, புகை ஆளைக் கொன்றுவிடும். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒன்றாகப் போட்டாலும் விஷவாயு.

செப்டிக் டேங்குக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறையோ, இரண்டு லட்சம் வரை அபராதமோ, இரண்டும் சேர்த்தோ விதிக்கலாம். “அவரேதான் இறங்கறேன்னார்” என்பது செல்லாது. உறிஞ்சு லாரிதான் வழி. 14420 என்ற கழிவுநீர் உதவி எண்ணில் கேளுங்கள்.

கேள்வி (சேலம்): சாப்பாடு, ரெண்டு தடவை டீ, பழைய புடவை எல்லாம் குடுக்கறோம். அதைக் கழிச்சுக்கலாமா?

பதில்: கூடாது. சாப்பாடு போடுவதாக முன்பே பேசியிருந்தால் அது கூலியில் சேர்ந்த விஷயம். பேசாமல் கொடுத்தது உங்கள் பிரியம்.

கேள்வி (வேளச்சேரி): மாத வேலைக்கு வர்றவங்க நாலு நாள் ஊருக்குப் போறாங்க. தங்கச்சியை அனுப்பறேன், அவளுக்குத் தனியா குடுத்துருங்கன்னு சொல்றாங்க. சம்பளத்துல எவ்வளவு பிடிக்கலாம்?

பதில்: மாதம் இரண்டு நாள் லீவுக்குச் சம்பளம் பிடிப்பதில்லை என்பது பல வீட்டில் வழக்கம். மீதி இரண்டு நாளைக்கு, சம்பளத்தை முப்பதால் வகுத்துப் பிடியுங்கள். 3,000 என்றால் 200. அவரே லீவு நாளில் கூடுதலாக வந்தால் 26-ஆல் வகுத்துக் கொடுங்கள், ஏறக்குறைய 115. பிடிக்கும்போது 26, கொடுக்கும்போது 30 என்று தலைகீழாகப் போடுகிறவர்கள்தான் கெட்ட பெயர் வாங்குகிறார்கள். தங்கச்சிக்கு நாளைக்கு 150 வரை கேட்டால் கொடுங்கள். வீடு அவருக்குப் புதிது, வந்துபோகிறதும் இதற்காகவே.

கேள்வி (விழுப்புரம்): அரசாங்கம் நிர்ணயிச்ச ரேட் இல்லையா? அதைக் காட்டிப் பேசலாமே?

பதில்: இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி உதவாது. தமிழ்நாட்டில் 2018-ல் வீட்டு வேலைக்கு நிர்ணயித்தது மணிக்கு 40 ரூபாய்க்கும் கீழே. குறைந்தபட்சக் கூலி என்பது அதற்குக் கீழே போகக் கூடாது என்கிற கோடு. அதையே காட்டிச் சந்தை விலையை இறக்குவது சரியில்லை. அரசாங்க வழியில் உண்மையாகவே பயன்படுவது 2007-ல் தொடங்கின வீட்டுப் பணியாளர் நல வாரியம். பதிவு பண்ணினால் பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் எல்லாம் உண்டு. உங்கள் வீட்டுக்கு வருகிறவருக்கு மனுவை எழுதிக் கொடுங்கள். பதினாலு வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்காதீர்கள், பெற்றவர்களே கொண்டுவந்து விட்டாலும்.

கேள்வி (நாகர்கோவில்): ஆசிட் ஊத்தி மார்பிள் தரையெல்லாம் வெளுத்துப்போச்சு. கூலியில பிடிச்சுக்கலாமா?

பதில்: ஆசிட் பாட்டிலை எடுத்துக் கொடுத்தது யார்? நீங்கள் என்றால் பேச்சே இல்லை. மார்பிளில் ஆசிட் பட்டால் மேல்பளபளப்பை அரித்துவிடும், துடைத்தால் திரும்பாது. மறுபடி பாலிஷ்தான் போட வேண்டும். அவரே கொண்டுவந்து, வேண்டாம் என்று நீங்கள் சொல்லியும் ஊற்றியிருந்தால் பாலிஷ் செலவில் ஒரு பங்கைப் பேசி வாங்கலாம். ஆனால் அன்றைய கூலியைக் கொடுத்துவிட்டு அதைத் தனியாகப் பேசுங்கள். கை தவறி உடைகிற டம்ளர், தட்டுக்கெல்லாம் பிடிக்காதீர்கள். உடையக் கூடியதை ஆள் வருவதற்கு முன்னாலேயே எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.