அடைப்புக்குறிக்குள் இரண்டரை இலட்சம்

கேள்வி: என் மகளுக்கு இருபது வயது. ஐந்து வருடமாக எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தில் ஓட்டப் பயிற்சி எடுக்கிறாள். மாஸ்டர் ஒரு சதமும் வாங்குவதில்லை. இந்த வருடம் இரண்டு வீதியோட்டப் போட்டிகளில் வென்று மூன்று இலட்சம் ரூபா பரிசு எடுத்தாள் (அதில் இரண்டரை இலட்சம் மூத்த மகன் கட்டார் போக ஏஜென்சிக்குக் கட்டியாகிவிட்டது, மகளும் மறுப்புச் சொல்லவில்லை). மகன் ஹாட்வெயார் கடையில் வேலை செய்தவன். அவன் சம்பளம் மோட்டார் சைக்கிள் லீசிங்குக்கே சரி. இப்போது கழகத்தார் சின்னப் பிள்ளைகளின் பயிற்சிக்கென்று பரிசில் காற்பங்கு, 75,000 ரூபா, கேட்கிறார்கள். வெயிலில் காய்ந்து ஓடியது என் பிள்ளை. வெல்பவர்கள் இப்படிப் பங்கு கொடுக்கத்தான் வேண்டுமா? வேறு நாடுகளில் இது உண்டா? அரசாங்கம் செய்ய வேண்டிய வேலைக்கு நாங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்? மகள் கழகத்தோடு கோபித்துக்கொண்டு இரண்டு கிழமையாக மைதானத்துக்கே போவதில்லை.
ஒரு தாய், திருகோணமலை

பதில்:

தங்கச்சி, நீங்கள் எழுதியது நாலு பக்கம். இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறோம். அந்த அடைப்புக்குறியை மட்டும் நீங்கள் போட்டபடியே விட்டிருக்கிறேன். 75,000 ரூபாவைப் பற்றி மூன்று பக்கம் எழுதிய கை, இரண்டரை இலட்சத்தை ஒரு வரியில் அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டுப் போயிருக்கிறது. உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அந்த ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

கணக்கைப் பாருங்கள். மூன்று இலட்சத்தில் இரண்டரை போனால் மிச்சம் ஐம்பதாயிரம். கழகம் கேட்பது எழுபத்தையாயிரம். கையில் இல்லாத காசைக் கொடுக்கலாமா கூடாதா என்று என்னிடம் கேட்கிறீர்கள். "கொடுக்கத் தேவையில்லை" என்று நான் ஒரு வரி எழுதினால் அதைக் கழகத்தாரிடம் காட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்திருப்பீர்கள். அந்த வரியை நான் எழுதமாட்டேன்.

மகள் கோபித்துக்கொண்டு வீட்டில் இருக்கிறாள் என்கிறீர்கள். அது கோபம் என்று அவள் உங்களிடம் சொன்னாளா? நாலு பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன், அவள் வாயிலிருந்து வந்ததாக ஒரு சொல்லும் இல்லை. அவள் இடத்தில் நின்று பாருங்கள். விடியப்புறம் ஐந்து மணிக்கு உப்புவெளிக் கடற்கரை மணலில் ஐந்து வருடம் அவளோடு நின்ற மனிதர் காசைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வாள்? "அண்ணாவுக்குக் கொடுத்தாச்சு" என்றால் பெற்றவர்களைக் காட்டிக்கொடுத்தவள் ஆகிறாள். "இருக்கு, தரமாட்டேன்" என்றால் பொய் சொல்கிறாள், நன்றி கெட்டவள் என்ற பேரும் வாங்குகிறாள். இரண்டும் முடியாமல் பிள்ளை வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. அது வெட்கம், தங்கச்சி. நீங்கள் செய்த வேலைக்கு அவள் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறாள். நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு இரண்டு கிழமை பயிற்சி நின்றாலே தாக்குப்பிடிக்கும் சக்தி இறங்கத் தொடங்கிவிடும். காசு மட்டும் போகவில்லை.

இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கு வந்துகொண்டேயிருக்கின்றன. மூதூரிலிருந்து வரும், கிண்ணியாவிலிருந்து வரும், நிலாவெளியிலிருந்து வரும். ஒருத்தி கார்மென்டில் உழைத்திருப்பாள், ஒருத்தி ஆசிரியை, ஒருத்தி தாதி. உங்கள் மகள் ஓடுகிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். மகன் சம்பளம் எடுத்தால் அது அவன் காசு, அதில் மோட்டார் சைக்கிள் வரும். மகள் பரிசு எடுத்தால் அது வீட்டுக் காசு, அதில் மகனுக்கு விமானச் சீட்டு வரும். உங்கள் கடிதத்தில் இந்த இரண்டு வரிகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. எழுதும்போது உங்களுக்கு உறுத்தவேயில்லையா?

பிள்ளை உழைத்தால் வீட்டைப் பார்க்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. அண்ணன் கரைசேரத் தங்கை கைகொடுப்பதும் நல்ல குடும்பத்தில் நடப்பதுதான். ஆனால் கைகொடுப்பதற்கு முதலில் அவளைக் கேட்டிருக்க வேண்டும். "மறுப்புச் சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இருபது வயதுப் பெண்பிள்ளை, தகப்பனும் தாயும் தமையனும் முடிவெடுத்துவிட்டு முன்னால் நிற்கும்போது எந்த வாயால் மறுப்பாள்? அது கடன் என்று சொன்னீர்களா? எப்போது திரும்பி வரும் என்று மகனைச் சொல்ல வைத்தீர்களா? அதைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை. அப்படியென்றால் அது கடனும் இல்லை, கொடையும் இல்லை. எடுத்துக்கொண்டீர்கள்.

இனி உங்கள் கேள்வி. வெல்பவர்கள் கொடுக்கத்தான் வேண்டுமா? வேண்டும். தயங்காமல் சொல்கிறேன். மெக்கெய்சர் மைதானத்தில் பாடசாலைப் பிள்ளைகளின் போட்டி நடக்கும் நாளில் போய் ஓரமாக நின்று பாருங்கள். ஒரு பிள்ளை ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டே ஸ்பைக்ஸை, அந்த ஆணி வைத்த ஓட்டச் சப்பாத்தை, கழற்றும். அடுத்த ஹீட்டுக்கு நிற்கிற பிள்ளை அதை வாங்கி, வியர்வை ஈரத்தோடேயே காலில் இழுத்து மாட்டும். சுண்ணாம்புக் கோடு போடுகிறவருக்கும் நேரம் பிடிக்கிற ஆசிரியருக்கும் யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? உங்கள் மகள் பதினைந்து வயதில் யாரோ கழற்றிக் கொடுத்த சப்பாத்தில் ஓடாமலா இந்த இடத்துக்கு வந்தாள்? பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 92.97 மீற்றர் ஈட்டி எறிந்து தங்கம் எடுத்தார். ஆரம்ப காலத்தில் அவர் வெளியூர் போய்ப் பயிற்சி எடுக்க ஊர்க்காரர்களும் உறவினர்களும் காசு சேர்த்துக் கொடுத்ததாக அவருடைய தகப்பனாரே சொல்லியிருக்கிறார். அப்படி வளர்ந்தவருக்கு ஊர்மேல் கடமை இருக்கிறது.

வேறு நாடுகளில் உண்டா என்றும் கேட்டீர்கள். உண்டு. பிரான்சின் உதைபந்தாட்ட வீரர் எம்பாப்பே 2018 உலகக் கிண்ணத்தில் தனக்குக் கிடைத்த பணத்தை, சுகவீனமுற்ற பிள்ளைகளையும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளையும் விளையாட வைக்கும் ஓர் அமைப்புக்குக் கொடுத்தார். செனகலின் உதைபந்தாட்ட வீரர் சாடியோ மானே தான் பிறந்த பம்பாலி கிராமத்தில் பாடசாலையும் வைத்தியசாலையும் கட்டிக்கொடுத்தார். ஆனால் இந்த உதாரணங்களைத் தூக்கிக்கொண்டு கழகத்தார் உங்கள் வாசலுக்கு வந்தால் நான் அவர்களையும் ஏசுவேன். அந்த இருவருக்கும் கழகச் சம்பளமே கோடிக்கணக்கில் வருகிறது. எம்பாப்பேக்கு உலகக் கிண்ணப் பணம் மேல்வரும்படி. உங்கள் மகளுக்கு அந்த மூன்று இலட்சம்தான் ஐந்து வருட உழைப்புக்கு வந்த முதல் கூலி.

மெய்வல்லுநர் விளையாட்டில் காசு எவ்வளவு சுருக்கம் என்பது வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து இந்த நாட்டுக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் பரிசுப் பணம் வாங்கினால் ஒலிம்பிக்கில் கால் வைக்க முடியாது. இன்றைக்கும் சர்வதேச ஒலிம்பிக் குழு பதக்கத்துக்குக் காசு கொடுப்பதில்லை. பாரிசில்தான் முதன்முதலாக உலக மெய்வல்லுநர் சம்மேளனம் தன் 48 போட்டிகளிலும் ஒவ்வொரு தங்கத்துக்கும் 50,000 டொலர் கொடுத்தது. அதுவும் தங்கத்துக்கு மட்டும். அதற்கே மற்ற விளையாட்டுச் சம்மேளனங்களின் பக்கத்திலிருந்து எதிர்ப்பு வந்தது. வென்றவர் கையில் கொடுப்பதைவிட விளையாட்டின் அடிமட்டத்துக்குச் செலவழிக்கலாமே என்பது அவர்களுடைய வாதம். உங்கள் வீட்டு வாசலில் நடக்கிற சண்டைதான் அங்கேயும் நடந்தது. நான் அதில் ஓடுகிறவர் பக்கம். சுசந்திகா ஜயசிங்க 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் ஓட்டத்தில் பதக்கம் எடுத்தவர். பின்னாளில் காசு நெருக்கடியில் அந்தப் பதக்கத்தையே விற்கப்போவதாகச் சொல்ல வேண்டிய நிலை அவருக்கு வந்தது. ஓடுகிற கால் உழைத்துத் தருகிற வருடங்கள் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் ஆளுக்கொரு பக்கமாக இழுத்தால் பிறகு அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

ஆகவே அவளுடைய தேவை முதலில். ஓட்டச் சப்பாத்து ஒன்று 500 முதல் 800 கிலோமீற்றர் வரைதான் தாங்கும். கிழமைக்கு எண்பது கிலோமீற்றர் ஓடுகிற பிள்ளைக்கு அது இரண்டரை மாதம் வருவதே பெரிய காரியம். பிறகு சாப்பாடு. உடலுக்குப் போதாமல் சாப்பிட்டுக்கொண்டு நெடுந்தூரம் ஓடும் பெண்பிள்ளைகளுக்கு இரத்தச்சோகை வரும், மாதவிலக்கு நின்றுபோகும், எலும்பில் வெடிப்பு விழும். உங்கள் மகளுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று உங்களுக்குத் தெரியுமா? மீன் நடுத்துண்டு வீட்டில் யாருடைய தட்டில் விழுகிறது? நீங்களும் கழகமும் சேர்ந்து கன்றுக்கு விடாமல் பால் கறக்கப் பார்க்கிறீர்கள். கழகம் இன்னும் கறக்கவில்லை. நீங்கள் கறந்து முடித்துவிட்டீர்கள்.

கழகத்தாரையும் விடப்போவதில்லை. வெற்றிக்கு முதல் பேசாத பங்கை வெற்றிக்குப் பிறகு கேட்பது முறையில்லை. காற்பங்கு என்பது அநியாயம். பதிவுசெய்த கழகமென்றால் கூட்டம் கூட்டி, எந்தத் தொகைக்கு மேல் எத்தனை வீதம், அது எந்தச் செலவுக்கு, கணக்கை யார் காட்டுவது என்று எழுதித் தீர்மானித்துவிட்டுப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதுவும் அடுத்த பரிசிலிருந்துதான். அரசாங்கத்தின் வேலை என்று நீங்கள் சொன்னதும் பாதி சரி. பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். உபகரணத்துக்கும் பயிற்சிக்கும் அவரிடம் போய் நிற்க வேண்டியது கழகத்தின் பொறுப்பு. அதைச் செய்யாமல் இருபது வயதுப் பிள்ளையின் சேமிப்புப் புத்தகத்தைப் பார்க்கக் கூடாது. ஆனால் அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திருக்கிற காலத்தில் இன்று பன்னிரண்டு வயதில் இருக்கிற பிள்ளை வெறுங்காலோடு ஓடுகிறது. அது மாஸ்டருக்குத் தெரிகிறது. அதனால்தான் கேட்கிறார்கள். கேட்ட விதம் பிழை, கேட்டது பிழை இல்லை.

கொடுப்பது யார் என்பதில்தான் நீங்கள் எல்லோரும் தவறுகிறீர்கள். கழகம் உங்களிடம் கேட்கிறது, நீங்கள் என்னிடம் கேட்கிறீர்கள். ஓடியவளிடம் யாரும் கேட்கவில்லை. எவ்வளவு கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்று அவள் சொல்லட்டும். ஐயாயிரம் கொடுத்தாலும் சரி, தன் பழைய ஸ்பைக்ஸைக் கொடுத்தாலும் சரி, வாரத்தில் இரண்டு நாள் சின்னப் பிள்ளைகளை ஓட வைத்தாலும் சரி. அந்தப் பிள்ளைகளுக்குக் காசைவிடக் கடைசியாகச் சொன்னதுதான் பெரிது என்பேன். பெற்றவர்கள் தடுக்கக் கூடாது, கழகம் அளக்கக் கூடாது.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், தள்ளிப்போடாதீர்கள். மகளின் சேமிப்புப் புத்தகமும் அட்டையும் வீட்டில் யாரிடம் இருந்தாலும் இன்றைக்கே அவள் கையில் கொடுங்கள். மிச்ச ஐம்பதாயிரத்தில் யாரும் கை வைக்க வேண்டாம். அந்த ஏஜென்சி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவுள்ளதா, கட்டிய காசுக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று மகனோடு போய் விசாரியுங்கள். இரண்டரை இலட்சத்தை வாங்கிக்கொண்டு அலைய வைத்தவர்களைப் பற்றியும் எனக்குக் கடிதங்கள் வருகின்றன. மோட்டார் சைக்கிளை அவன் என்ன செய்யப்போகிறான்? ஆள் கட்டாரில் இருக்கும்போது அது முற்றத்தில் நின்று என்ன பயன்? அதைக் கொடுத்து, லீசிங் போக மிஞ்சுவதைத் தங்கையின் கணக்கில் போடச் சொல்லுங்கள். மீதியை மாதம் எவ்வளவு அனுப்புவான் என்று ஒரு தாளில் எழுதி, அவன் விமானம் ஏறும் முன் கையெழுத்து வாங்குங்கள். தாளை மகளிடம் கொடுங்கள், உங்கள் அலுமாரியில் வைக்க வேண்டாம்.

அதன் பிறகு நீங்களும் உங்கள் கணவரும் மாஸ்டர் வீட்டுக்குப் போங்கள். மகளைப் பேச விடாதீர்கள், இந்த ஒரு விஷயத்தில் பேச வேண்டியவர்கள் நீங்கள் இருவரும்தான். காசை நாங்கள் எடுத்துவிட்டோம், பிள்ளைமேல் பிழை இல்லை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நாளை விடிய எத்தனை மணிக்குப் பயிற்சி என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.