ஸ்பானிஷ் குடும்பங்களுக்கான பள்ளிக் கூட்டத்துக்கு நாமும் போகலாமா?

டெக்சாஸில் இர்விங் நகரத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கை ஒருவர் கேட்டிருந்தார்: “கணவருக்கு லாஸ் கொலினாஸில் வேலை. எனக்கு எச்-4 விசா (வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தருவது). மகளுக்கு நான்கு வயது. பக்கத்துப் பள்ளியில் ப்ரீ-கே (கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பு) சேர்க்கப் போனால் எந்தத் தாளைக் கொடுத்தாலும் ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் ஸ்பானிஷ். பெற்றோர் வகுப்பு, குடும்ப இரவு, ஆங்கில வகுப்பு என்று அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாம் ஸ்பானிஷ்காரர்களுக்கு மட்டும் என்கிற மாதிரி இருக்கிறது. நாம் போனால் ஏதாவது நினைப்பார்களா? அப்புறம், படிவத்தில் வீட்டு மொழி தமிழ் என்று எழுதினால் பிள்ளையை ஒதுக்கி வைத்துவிடுவார்கள், ஆங்கிலம் என்றே போடு என்கிறார்கள் தெரிந்தவர்கள். அது உண்மையா?”

முதலில் படிவம், ஏனென்றால் அதற்குத்தான் அவசரம். தமிழ் என்றே எழுதுங்கள் தங்கச்சி. ஆங்கிலம் என்று எழுதச் சொன்னவர்கள் உங்களுக்குப் பெரிய செலவு வைக்கப் பார்த்திருக்கிறார்கள். டெக்சாஸில் இலவச ப்ரீ-கே எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்காது. செப்டம்பர் 1 அன்று நான்கு வயது நிரம்பியிருக்க வேண்டும், அதோடு சில தகுதிகளில் ஒன்றாவது இருக்க வேண்டும். குடும்ப வருமானம் குறைவு என்பது ஒன்று, பெற்றோர் ராணுவத்தில் இருப்பது ஒன்று. குழந்தைக்கு ஆங்கிலம் பேசவும் புரிந்துகொள்ளவும் தெரியாது என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் வீட்டு வருமானத்துக்கு முதல் வழி திறக்காது. ஆனால் உங்கள் மகள் வீட்டில் தமிழ்தானே பேசுகிறாள்? தேர்வில் ஆங்கிலம் போதாது என்று தெரிந்தால் அந்த வழியில் உள்ளே போகலாம். ஆங்கிலம் என்று எழுதிவிட்டால் அதுவும் அடைபட்டுவிடும், தனியார் பள்ளிக்கு மாதாமாதம் கட்ட வேண்டியதுதான்.

ஒதுக்கி வைப்பார்கள் என்பது எங்கிருந்து கிளம்பிய பேச்சு என்று எனக்குத் தெரியும். தமிழ் என்று எழுதினால் ஒரு சிறிய தேர்வு வைப்பார்கள். இந்த வயதில் படத்தைக் காட்டிக் கேள்வி கேட்பது, சொன்னதைச் செய்யச் சொல்வது, அவ்வளவுதான். சேர்ந்த நான்கு வாரத்துக்குள் ஆசிரியர், நிர்வாகி, பெற்றோர் பிரதிநிதி கொண்ட ஒரு குழு உட்கார்ந்து, பிள்ளைக்கு ஆங்கிலத்தில் கூடுதல் உதவி வேண்டுமா என்று முடிவு செய்யும். வேண்டும் என்றாலும் உங்கள் கையெழுத்து இல்லாமல் சேர்க்க முடியாது. அப்புறம் வருடத்துக்கு ஒரு தடவை கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் நான்கிலும் தேர்வு இருக்கும். தேறிய பிறகு அந்த உதவியிலிருந்து வெளியே வந்துவிடுவாள். நம் பிள்ளைகள் பலர் ஒன்றாம், இரண்டாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறார்கள். இதில் அவமானப்பட என்ன இருக்கிறது?

இனி, எல்லாம் ஏன் ஸ்பானிஷில் இருக்கிறது என்ற விஷயம். அமெரிக்காவில் நான்கு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறார்கள் என்பது பாதி காரணம். மீதிக் காரணம் பழைய கதை. டெக்சாஸில் 1918ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளியில் ஆங்கிலம் தவிர வேறு மொழியில் பாடம் நடத்துவது குற்றம். அந்தத் தடை 1969 வரை இருந்தது. மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில் மார்ஃபா என்று ஒரு சிற்றூர். அங்கே மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்திருந்த பிளாக்வெல் பள்ளியில், 1954இல் பிள்ளைகளை ‘ஸ்பானிஷ் பேச மாட்டேன்’ என்று சீட்டில் எழுத வைத்து, அந்தச் சீட்டுகளைப் பெட்டியில் போட்டு, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள். சவ அடக்கம் மாதிரியே சடங்கு நடத்தி! இன்று அந்த இடம் தேசிய வரலாற்றுச் சின்னம். (தமிழ் பேசினால் பத்து ரூபாய் அபராதம் போட்ட மெட்ரிகுலேஷன் பள்ளியில் படித்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.)

1969 டிசம்பரில் கிறிஸ்டல் சிட்டியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறிப் போராடினார்கள். இருமொழிக் கல்வியும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. 1973இல் டெக்சாஸ் அதற்குத் தனிச் சட்டம் போட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, 1974இல், சான்பிரான்சிஸ்கோவின் சீனக் குடும்பங்கள் தொடுத்த லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கில், ஆங்கிலம் தெரியாத பிள்ளையை வகுப்பில் சும்மா உட்கார வைப்பது சம வாய்ப்பு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. குடியேற்ற ஆவணம் இல்லை என்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்க முடியாது என்ற 1982 தீர்ப்புக்குக் காரணமான வழக்கும் டெக்சாஸின் டைலர் நகரத்திலிருந்து போனதுதான். உங்கள் மகளுக்கு ஆங்கில உதவி கேட்பது உரிமை என்று ஆனது இந்த மனிதர்களால். நம்மவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம். நல்ல பள்ளிகள் என்று பெயரெடுத்த பக்கத்து ஊரான காப்பெல் பள்ளி எல்லைக்குள் வீடு கிடைக்குமா என்று ஓடுகிற ஓட்டத்தில் யாருக்கு நேரம்?

டெக்சாஸ் சட்டத்தில் இன்னொரு கணக்கு உண்டு. ஒரு பள்ளி மாவட்டத்தில், ஒரே வகுப்பு நிலையில், ஒரே மொழி பேசும் பிள்ளைகளில் ஆங்கில உதவி தேவைப்படுகிறவர்கள் 20 பேர் சேர்ந்துவிட்டால், தொடக்கப் பள்ளியில் அந்த மொழியிலேயே இருமொழி வகுப்பு நடத்த வேண்டும். குறைந்தால் ஈஎஸ்எல் (ஆங்கிலம் தாய்மொழி அல்லாத பிள்ளைகளுக்கான ஆங்கில உதவி) போதும். ஸ்பானிஷுக்கு அந்த 20 பேர் எளிதாகச் சேர்ந்துவிடுகிறார்கள். தமிழுக்குச் சேருவது சிரமம், சேர்ந்தாலும் சான்றிதழ் பெற்ற ஆசிரியருக்கு எங்கே போவது? எல்லாரும் ஆங்கிலம் என்று எழுதி வைத்தால் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதே பள்ளிக்குத் தெரியாது.

கூட்டங்களுக்குப் போகலாமா? தாராளமாகப் போங்கள். பள்ளி நடத்தும் பெற்றோர் வகுப்பு எந்தப் பெற்றோருக்கும் உரியது. ஸ்பானிஷில் நடந்தால் ஆங்கிலத்தில் கேட்பதற்கு ஹெட்போன் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள், பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். வழக்கமாக ஸ்பானிஷ் தாய்மார்கள்தான் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மாலை நாம் மாட்டிக்கொண்டு பார்த்தால் அவர்கள் பாடு புரியும்.

அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள் என்பது நடத்துகிறவர்களைப் பொறுத்தது. 1973இல் சான் அன்டோனியோவில் வேரூன்றிய அவான்சே என்ற அமைப்பு டாலஸ் பக்கமும் இயங்குகிறது. மூன்று வயது வரையுள்ள குழந்தைகளும் அம்மாக்களும் ஒன்பது மாதம் போவார்கள். வீட்டில் கிடக்கும் துணி, அட்டையை வைத்து அம்மாக்களே பொம்மை செய்ய வேண்டும், அதை வைத்துக் குழந்தையோடு எப்படிப் பேசுவது, நிறம், எண்ணிக்கை எப்படிச் சொல்லித் தருவது என்று பாடம் போகும். முடிவில் அங்கி, தொப்பியோடு பட்டமளிப்பு விழா. பள்ளி வாசலையே மிதிக்காத அம்மாக்கள் அந்த அங்கியைப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய அப்ரியெந்தோ புவெர்தாஸ் வகுப்புகளில் ஒவ்வொரு நாளும் ஒரு ஸ்பானிஷ் சொலவடையை எடுத்துக்கொண்டு பேச ஆரம்பிப்பார்கள். நம் பாட்டிகளை அங்கே கொண்டுபோய் விட்டால் பாடம் நடத்துகிறவர்களுக்கு வேலை இருக்காது.

கலிபோர்னியாவின் சான் டியேகோவில் 1987இல் தொடங்கிய பிக்கே என்ற அமைப்பின் பாணி வேறு. மதிப்பெண் அட்டையை எப்படிப் படிப்பது, எந்தப் பாடங்களை எடுத்தால் கல்லூரிக்கு வழி கிடைக்கும், பள்ளி ஆலோசகரிடம் என்ன கேட்பது என்று சொல்லித் தருவார்கள். இந்த மாதிரி வகுப்பு உங்கள் பள்ளியில் நடந்தால் கணவரையும் இழுத்துக்கொண்டு போங்கள். எம்.டெக் படித்த நம் ஆட்களுக்கு ஐஐடி நுழைவுத் தேர்வு தலைகீழ்ப் பாடம். ஆனால் இங்கே உயர்நிலைப் பள்ளியில் கிரெடிட் (பாடத்துக்குக் கிடைக்கும் புள்ளி) எப்படிச் சேருகிறது என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். ஸ்பானிஷ் அம்மாக்கள் கூச்சமில்லாமல் கேட்கிறார்கள். நாம் தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, ராத்திரி வாட்சாப்பில் கேட்கிறோம்.

ஆரோக்கிய முகாம்களையும் விடாதீர்கள். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பும் வழக்கம் ஸ்பானிஷ் மக்களிடம் உண்டு. ப்ரொமோத்தோரா என்பார்கள். டெக்சாஸில் அரசுச் சான்றிதழே கொடுக்கிறார்கள், 160 மணி நேரப் பயிற்சி. தேவாலய வளாகத்திலும் நூலகத்திலும் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துவிட்டு, உணவு பற்றிப் பேசுவார்கள். சர்க்கரை வியாதி அவர்களுக்கும் நமக்கும் பொதுச் சொத்து. விசிட்டர் விசாவில் அப்பா அம்மா வந்திருக்கும்போது, சும்மா சர்க்கரை பார்க்க மருத்துவமனைக்குப் போய்ப் பில்லைப் பார்த்து மயங்குவதற்கு இது எவ்வளவோ மேல்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். 2025 ஜனவரியில், பள்ளி, தேவாலயம் போன்ற இடங்களில் குடியேற்ற அதிகாரிகள் நடவடிக்கை எடுப்பதைக் கட்டுப்படுத்திய பழைய கொள்கையை அரசு விலக்கிவிட்டது. கூட்டத்துக்கு வருவதற்கே சிலருக்குப் பயம். ஆகவே, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் என்ன விசா, எப்போது வந்தீர்கள், கிரீன் கார்டு இருக்கிறதா என்று கேட்காதீர்கள். நம்மவர்கள் சந்தித்த இரண்டாவது நிமிடம் பேசுவதே அதுதான், அங்கே வேண்டாம். யாரையும் கேட்காமல் படம் எடுத்துப் போடுவதும் வேண்டாம். பிள்ளை, சமையல், ஊர், மழை என்று பேச எவ்வளவோ இருக்கிறது. அப்புறம், நாற்காலி குறைவாக இருந்தாலோ, இத்தனை குடும்பம்தான் என்று கணக்கு இருந்தாலோ, அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். நமக்கு வேறு வழிகள் உண்டு.

ஆங்கில வகுப்பைப் பொறுத்தவரை, நூலகத்திலும் தேவாலயத்திலும் தன்னார்வலர்கள் நடத்தும் பேச்சு வகுப்பில் தொடங்குங்கள். எந்த விசா என்று அங்கே பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. மத்திய அரசுப் பணத்தில் நடக்கும் வகுப்புகளுக்கு யார் தகுதி என்ற விதியை 2025இல் இறுக்கப் பார்த்தார்கள், வழக்கும் நடந்தது. அதனால் சமுதாயக் கல்லூரி வகுப்பில் சேருவதற்கு முன் எச்-4இல் இருக்கிறேன் என்று சொல்லியே கேட்டுவிடுங்கள்.

பள்ளியில் ஆசிரியர் பேசுவது புரியவில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், பெரும்பாலும் தொலைபேசியில் இணைப்பார்கள். காசு இல்லை. இனம், பிறந்த நாடு பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் பலன் இது. ஆங்கிலம்தான் ஆட்சிமொழி என்று 2025 மார்ச்சில் ஆணை வந்தது உண்மை, ஆனால் அந்தச் சட்டம் அப்படியே இருக்கிறது. உங்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்றாலும், மாமியார் பிள்ளையைக் கூட்டிவரப் போகிற நாளில் உதவும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் அடுத்து அதுதான் வரும். ஸ்பானிஷும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழி வகுப்பில் மகளைப் போடலாமா? சில பள்ளிகள் ஸ்பானிஷ் தெரியாத பிள்ளைகளையும் விண்ணப்பம், குலுக்கல் வைத்துச் சேர்க்கின்றன. சில இடங்களில் பாதிக்குப் பாதி, சில இடங்களில் தொடக்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு ஸ்பானிஷ். தமிழோடு மூன்று மொழி பிள்ளைக்குப் பாரமில்லை, பெங்களூரில் வளரும் பிள்ளைகள் நான்கு பேசுகின்றன. ஆனால் இது ஐந்தாம் வகுப்பு வரை தொடர வேண்டிய விஷயம். கணவர் எச்-1பி வேலை விசாவில் கம்பெனி மாறி வேறு ஊருக்குப் போக வாய்ப்பிருந்தால் நடுவில் அறுந்துபோகும். என்னைக் கேட்டால், இரண்டு வருடம் இங்கேயே இருப்போமா என்று தெரிந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. குடும்ப இரவில் தமாலே வைப்பார்கள், மசித்த பீன்ஸ் வைப்பார்கள். இரண்டையும் சைவம் என்று நம்பி எடுத்துவிடாதீர்கள், பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். ‘மன்தேக்கா’ இருக்கிறதா என்று கேட்டால் போதும், சொல்லிவிடுவார்கள். நீங்கள் ஏதாவது கொண்டுபோவதாக இருந்தால் எலுமிச்சை சாதம் கொண்டுபோங்கள், பச்சை மிளகாயைக் குறைக்காமல்.